பஸ் நிறுத்தத்து மனை

நைனா,

நீ போனை வைத்த பிறகும் நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கோபத்தில் வைத்தாயா, கம்பெனியில் யாராவது கூப்பிட்டார்களா, தெரியவில்லை. "ஆஸ்பத்திரி கட்றது கவர்மென்ட்டு வேலம்மா. கல்யாணத்த வெச்சிக்கினு உனக்கு ஏன் இந்த பேஜாரு?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. போகட்டும். போனில் பேசினால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன், நடுவில் உன் அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். எழுதினால் குறுக்கே பேச உன்னால் முடியாது. பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறேன். நர்ஸம்மாவிடமும் பஞ்சாயத்துத் தலைவரிடமும் இதைக் காட்டப் போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஊரே டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிற விஷயத்தில் நமக்குள் மட்டும் என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கிறது?

விஷயத்தை நேராகச் சொல்கிறேன். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி என் பேரிலும் உன் பேரிலும் இருக்கிற மனையை, துணை சுகாதார நிலையம் கட்டுவதற்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். நம் ஊருக்குப் புதுக் கட்டடம் ஒன்றுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். மே தினத்துக் கிராம சபையில் இடத்தைக் காட்டித் தீர்மானம் போட வேண்டும். காட்டவில்லையென்றால், இப்போது இருக்கிற ஏரி உள்வாயிலேயே, தண்ணீர் தேங்குகிற இடத்திலேயே அடித்தளத்தைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நீ அந்த மனையில் வீடு கட்டப் போகிறாய் என்பது எனக்குத் தெரியாதா? செங்கல் வேறு இறக்கிவிட்டாய். உனக்கு மாமனாராகப் போகிற நித்யாவின் அப்பா பழையசீவரத்திலிருந்து வந்தபோது, "ரோட்டு மேல வூடு, பஸ்ஸ விட்டு எறங்குனா வாசல்" என்று தன் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னதும் என் காதில் விழுந்தது. எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொல்லை மனை முழுவதும் உனக்கு. ரோட்டு மனைக்கு என் கையெழுத்து மட்டும் போதாது, உன்னுடையதும் வேண்டும்.

இதை எழுத உட்கார்ந்து எத்தனையோ தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை காயவைத்த மிளகாயில் ஆடு வாய் வைத்தது. மற்றபடி காரணமே இல்லை, சும்மா எழுந்து கேட் வரை போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். "இன்னாமே, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திக்கினே கீற?" என்று உன் அப்பா கேட்டார். என்ன சொல்வது? உடம்பு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. சித்திரை நடக்கிறது. ஐப்பசியில் ஏரி நிரம்பும். கார்த்திகையில் அஞ்சலைக்குப் பிரசவம். அதற்குள் நர்ஸம்மா உட்கார்ந்து வேலை பார்க்க ஓர் இடம் வந்தாக வேண்டும். அஞ்சலை யாரென்று யோசிக்காதே, நம் நிலத்துக்கு நாற்று நட வருகிற கன்னியப்பனின் மருமகள், காலனியில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு. போன கார்த்திகையில் அவளுக்கு என்ன நடந்தது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நான் முழுதாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஆனால் முதலில் அந்த ஏரிக் கட்டடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் வரிசையாகச் சில வருஷங்கள் மழை ஏமாற்றியது ஞாபகம் இருக்கிறதா? ஏரி உள்வாய் முழுக்கக் கட்டாந்தரையாகக் கிடந்தது. நீயும் உன் கூட்டாளிகளும் அங்கேதான் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடினீர்கள். அந்தச் சமயம் பார்த்துத் துணை சுகாதார நிலையத்துக்கு இடம் கேட்டு வந்தார்கள். யாருடைய பட்டா நிலத்தையும் தொட வேண்டாம், புறம்போக்கு, விசாலமான இடம், வண்டி வந்து திரும்பலாம் என்று ஊரே சேர்ந்து அந்தக் கட்டாந்தரையைக் காட்டியது. எங்கள் எல்லோருக்கும் அது ஏரி என்பது மறந்தே போய்விட்டது என்று சொன்னால் வெளியூர்க்காரன் சிரிப்பான். ஏரித் தண்ணீரில் பயிர் வைத்துச் சாப்பிடுகிற ஜனம், ஏரிக்குள்ளேயே ஆஸ்பத்திரி கட்டச் சொன்னது! திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டு, மைக் செட் வைத்து, கேசரி கிண்டி எல்லோருக்கும் கொடுத்தோம். வழவழவென்று டைல்ஸ் தரை. பிரசவக் கட்டில் வந்து இறங்கியபோது பொம்பளைகள் எல்லோரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம்.

அப்புறம் ஒரு வருஷம் நல்ல மழை பிடித்தது. ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிய ஆரம்பித்ததும் ஊரே போய்க் கற்பூரம் ஏற்றியது. உபரித் தண்ணீர் வெளியேறுகிற வழி அதுதான் என்றாலும், கொஞ்சமாவது தேக்கி வைத்தால் நவரைப் பட்டத்து நடவுக்கு ஆகும் என்று ஆம்பளைகள் அதன்மேல் மணல் மூட்டை அடுக்கினார்கள். உன் அப்பா முன்னால் நின்றார். சாக்கு தைத்துக் கொடுத்தவள் நான். மறுநாள் காலையில் நர்ஸம்மா புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளிருந்து நடந்து வந்தார். "அக்கா, ஏரி ரொம்புனா என் ஆஸ்பத்திரி முழுவுது. என் ஆஸ்பத்திரி தெரிஞ்சா உங்க பயிரு காயுது. நான் யாருக்குன்னு சாமி கும்புடறது?" என்று கேட்டு அவரே சிரித்தார். அந்த மூட்டைக்காக நான் வருத்தப்படவில்லை நைனா, இந்த வருஷமும் அடுக்குவோம். ஏரி நிறைய வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டான். அதனால்தான் கட்டடம் நகர வேண்டும் என்கிறேன். மழைக்காலத்தில்தான் காய்ச்சல் வருகிறது, வாந்திபேதி வருகிறது, பாம்பு வெளியே வருகிறது. அந்த மாதங்களில்தான் நம் ஆஸ்பத்திரி ஏரிக்குள் நிற்கிறது.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா எழுதுகிற கடிதத்தில் நாலு புத்திமதி இருக்க வேண்டுமே. இதோ ஒன்று. உன் அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது ஹால் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று ஊரில் பாதிப்பேரிடம் யோசனை கேட்டார், என்னிடம் மட்டும் கேட்கவில்லை. நடுஹாலில் நாலு தூண் நிறுத்தினார். தண்ணீர்க் குழாயை மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் போட்டார். குளியலறையை அதற்கும் பின்னால் தள்ளிக் கட்டினார். நீ பிறந்து, பச்சை உடம்புக்காரியாக நான் மழையில் சேற்றை மிதித்துக்கொண்டு அங்கே போவேன். ஒருநாள் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, "பாத்து நடக்கக் கூடாதா?" என்று கேட்டார் மனுஷன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. குடத்தைத் தூக்கி அந்த நாலு தூணில் ஒன்றின்மேல் எறிந்தேன். அந்த நசுங்கல் உள்ள குடத்தில்தான் நீ வளர்ந்த பிறகும் தண்ணீர் குடித்தாய், காரணம் கேட்டதில்லை. உன் வீட்டை எங்கே கட்டினாலும் சரி, குழாய் எங்கே வரவேண்டும் என்று நித்யாவைக் கேள். அடுப்படி ஜன்னல் எந்தப் பக்கம் என்று அவளைக் கேள். ஹாலை அப்புறம் அளந்துகொள்ளலாம்.

போன பொங்கலுக்கு வந்தபோது நீ உன் ஒரகடம் கம்பெனிக் கதை சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை. புது மெஷின் ஒன்று வந்ததாம், விலையுயர்ந்ததாம், இடம் காலியாக இருக்கிறது என்று சுவரோரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்களாம். ஆட்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருந்ததால் கொஞ்ச நாளில் அந்தப் பக்கமே யாரும் போகவில்லை என்று சொன்னாய். "மெஷின் மேல தப்பு இல்லம்மா, அத்த வெச்ச எடம் தப்பு" என்று நீ சொல்லி, மேனேஜரிடம் சண்டை போட்டு அதை நடுவுக்கு நகர்த்தியதாகச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டாய். நான் அதே விஷயத்தைத்தான் கேட்கிறேன். அப்போது பேசின வாய் இப்போது எங்கே போயிற்று? கோபப்படாதே, கோபம் எனக்குத்தான் வருகிறது.

போன ஐப்பசியில் கட்டடத்துக்குள் தண்ணீர் புகுந்ததும் நான்தான் நர்ஸம்மாவிடம், "நம்ம வூட்டுக்கு வந்துடுங்க" என்று சொன்னேன். பவர் டில்லர் நிற்கிற தகரக் கொட்டகையை ஒழித்து, தரையை மெழுகி, பாய் விரித்து, பல்பு மாட்டிக் கொடுத்தேன். புதன்கிழமை குழந்தைகளுக்கு ஊசி. மற்ற நாட்களில் பிரஷர், சுகர், கர்ப்பிணிகளுக்கு எடை. வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். எனக்கு ஒரே பெருமை. உன்னிடம்கூட, "நம்ம வூடே இப்போ ஆஸ்பத்திரி" என்று போனில் சொன்னேன், நீ "சூப்பர்மா" என்றாய். ஊர்த்தெருப் பெண்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், வம்பு பேசினார்கள், போனார்கள். காலனியிலிருந்து கைக்குழந்தைக்காரிகள் வந்தால் கேட்டுக்கு வெளியே ரோட்டிலேயே நிற்பார்கள். நர்ஸம்மா எழுந்துபோய் அங்கேயே ஊசி போட்டுவிட்டு வருவார். மழையில் ஏன் நிற்கிறீர்கள், உள்ளே வாருங்கள் என்று நான் இங்கிருந்தே குரல் கொடுப்பேன். "இருக்கட்டும்மா" என்பார்கள். அவசரமாக வேலைக்குப் போகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த டீயை ஆற்றப் போய்விடுவேன்.

அஞ்சலை கேட்டுக்குக்கூட வரவில்லை. அவளுக்கு அப்போது நிறைமாதத்துக்குக் கிட்டே. கால் வீங்கியிருக்கிறது, முகம் ஊதியிருக்கிறது என்று அவள் மாமியார் நர்ஸம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நர்ஸம்மா காலனிக்குத் தேடிக்கொண்டு போன நேரம் அவள் களையெடுக்கப் போய்விட்டாள். மறுபடி போனபோது மழை பிடித்துக்கொண்டது. நாளைக்கு வந்து பிரஷர் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த நாளை போயிற்று, அதற்கு அடுத்ததும் போயிற்று. ஒருநாள் காலையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவளுக்கு ஜன்னி கண்டு கைகால் இழுத்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் வந்து காஞ்சிபுரத்துக்கும், அங்கிருந்து செங்கல்பட்டுக்கும் கொண்டுபோனார்கள். அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தை இல்லை. ஆண் குழந்தை. பிரஷர் பார்க்கிற மிஷின் அந்த வாரம் முழுக்க நம் கொட்டகையில் சும்மா இருந்தது நைனா, அவள் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்.

அவள் திரும்பி வந்ததும் பார்க்கப் போனேன். போன எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை, திட்டத்தான் வந்தது. "ஏன்டி வரல? எங்க வூட்டாண்ட வந்து குந்த உனக்கு இன்னா? யாராவது வராதன்னு சொன்னாங்களா?" என்று கத்திவிட்டேன். அவள் அழவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "யாரும் சொல்லலம்மா. அந்தக் கொட்டாயிலதானம்மா எங்க டம்ளரு கீது. அங்க வந்து பாய்ல எப்டிம்மா குந்தறது? நீங்க டீ குடுத்தா நான் எதுல வாங்கறது?" நடவு ஆட்களுக்கென்று நாம் தனியாக வைத்திருந்த டம்ளர்கள் எங்கே இருக்கும் என்று உனக்குத் தெரியும். கொட்டகைச் சுவரில் அடித்த பலகையில் கவிழ்த்து வைத்திருப்போம். நர்ஸம்மாவின் பிரஷர் மிஷினை நான் வாங்கி வைத்தது அதற்கு நேர் கீழே. இத்தனை நாளும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த டம்ளர்களைப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி வாங்கினேன். எப்போதோ செய்திருக்க வேண்டியது, அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அப்போதிருந்தே எனக்கு இந்த ரோட்டு மனை நினைப்பு வந்துவிட்டது. உன் அப்பாவிடம் சொன்னேன். "டம்ளர மாத்துன, சரி. மனைய ஏன்மே மாத்தற? அது பையன் வூட்டு மனை, அதுல கைய வெக்காத" என்றார். நானும் அப்படித்தான் நினைத்துப் பார்த்தேன். டம்ளர் மாறினால் வருவார்கள் என்று தை, மாசி முழுக்கக் காத்திருந்தேன். ஏரித் தண்ணீர் வடிய வேண்டுமே, அதுவரை நர்ஸம்மாவும் இங்கேதான் இருந்தார். வரவில்லை. காலனிக்காரர்கள் மட்டுமா வரவில்லை? நமக்கும் கோமதிக்கும் வரப்புத் தகராறு இருக்கிறதே, அவளும் வரவில்லை. சுகர் ஏறிப்போய்க் காலில் புண்ணோடு ரோட்டில் நடக்கிறாள், நம் கேட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "அவ வூட்டு வாசல்ல போயி நான் மாத்திர வாங்கணுமா, செத்தாலும் பரவால்ல" என்று கடையில் சொல்லியிருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், என் குணம் உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் கேள். உன் நிச்சயதார்த்தத்துக்கு நல்ல நாள் பார்த்துப் புதன்கிழமை வைத்தோம் அல்லவா? வேன் வந்து நின்றதும் பூத்தட்டு, பழத்தட்டு என்று எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, கேட்டைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டு பழையசீவரம் போய்விட்டோம். ஊசி போடுகிற நாள் என்பது எனக்கு நினைவிலேயே இல்லை. நர்ஸம்மா ஊசி மருந்து வைத்த நீலப் பெட்டியோடு வந்து பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றிருக்கிறார். பெட்டிக்குள் ஐஸ் கரைவதற்குள் போட்டாக வேண்டும். கடைசியில் எங்கே போனார் தெரியுமா? பஸ் நிறுத்தத்துக்கு. நீ இறக்கி வைத்த செங்கல் அடுக்கின்மேல் துண்டை விரித்துப் பெட்டியை வைத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து ஊசி போட்டிருக்கிறார். அடுத்த நாள் நான் மன்னிப்புக் கேட்கப் போனால் அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார், "அட இருங்கக்கா, நேத்துதான் கூட்டமே. காலனி ஆளுங்க அத்தினி பேரும் வந்துட்டாங்க. கோமதியக்கா கூட வந்து சுகர் பாத்துக்கினு போனாங்க. எல்லாரும் பஸ்ஸுக்கு வர எடந்தானே." நான் பாய் விரித்து, பல்பு மாட்டி, டீ போட்டுக் கொடுத்தும் வராத ஜனம், நான் கேட்டைப் பூட்டிக்கொண்டு போன நாளில் வந்திருக்கிறது.

நர்ஸம்மாவை உட்காரவைத்து, "உங்களுக்கு இன்னா இன்னா வேணும், சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மழையிலும் காய்கிற தரை. வற்றாத தண்ணீர். நிற்காத கரன்ட்டு. மாத்திரையில் ஈரம் படாமல் வைக்க ஓர் அலமாரி. உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கக்கூஸ், ஏனென்றால் கர்ப்பிணிகள் சிறுநீர் சோதனைக்குக் கொடுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டே திரும்பிப் போகிறார்களாம். ஆம்புலன்ஸ் வந்தால் திரும்ப இடம். கடைசியாக, சாவி யார் வீட்டிலும் இருக்கக் கூடாது என்றார். இதில் எது ரோட்டு மனையில் இல்லை என்று நீயே சொல். போர் போட்டால் தண்ணீர் நன்றாக வருகிறது என்று நீதானே குதித்தாய்? டிரான்ஸ்பார்மர் எதிரிலேயே இருக்கிறது. ஏரித் தண்ணீர் அந்த மேட்டுக்கு வந்ததே கிடையாது. வேறு இடம் பார்க்கலாமே என்பாய். பார்த்தாயிற்று. தலைவரும் நானும் வெயிலில் அலைந்து பார்த்தோம். மீதி இருக்கிற புறம்போக்கு ஒன்று சுடுகாட்டுப் பாதையில் இருக்கிறது, இன்னொன்று காவாந்தண்டலம் போகிற வழியில் ஊரைத் தாண்டி இருக்கிறது. சுடுகாட்டு வழியாகப் பிள்ளைத்தாய்ச்சி போவாளா? மற்ற பட்டா மனைக்காரர்கள் எல்லோரும் கொல்லைக்கடைசியில் யாருக்கும் ஆகாத துண்டைத்தான் காட்டுகிறார்கள். ஊருக்குக் கொடுப்பதென்றால் நமக்கு ஆகாததைக் கொடுப்பது என்றே எல்லோரும் பழகிவிட்டோம். கட்டாந்தரையைக் காட்டியதும் அந்தப் பழக்கத்தில்தான்.

ஆமாம், உனக்கு நஷ்டம்தான். இல்லை என்று பசப்ப மாட்டேன். ரோட்டு மேல் வீடு என்றால் கீழே ஒரு கடை வைக்கலாம் என்று நீ மனசுக்குள் போட்ட கணக்கு எனக்குத் தெரியும். கொல்லை மனைக்கு வண்டி போக வழி குறுகல். சம்பந்தி முகம் சுருங்கும். கல்யாணப் பந்தலில் யாராவது ஒருத்தி, "ரோட்டு மனைய தூக்கிக் குடுத்துட்டாங்களாமே" என்று காதுபடப் பேசுவாள். அதற்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், என் வாய் எதற்கு இருக்கிறது? நித்யாவிடம் நான் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அந்தப் பெண் சரி என்று சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் உன்னைத் தாண்டிப் போய் அவளிடம் சம்மதம் வாங்கினால், கல்யாணத்துக்கு முன்னாலேயே உங்கள் இருவருக்கும் நடுவில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். அதைச் செய்ய மாட்டேன். நீயே அவளிடம் சொல். அவள் என்ன சொன்னாலும் பொறுமையாகக் கேள், உன் அப்பா மாதிரி டி.வி. பக்கம் திரும்பாதே.

உன் அப்பாவைப் பற்றிச் சொன்னேனே, அவர் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. நேற்று மட்டும் ஏதோ யோசித்துக்கொண்டே நாஷ்டா சாப்பிட்டவர், "கொல்ல மனைக்குப் போற வழில அந்தத் தொழுவத்த இடிச்சா வண்டி போவும்" என்றார். தொழுவம் போனால் குழாயும் நகரும். இத்தனை வருஷம் கழித்து! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு இன்னோர் இட்லி வைத்தேன்.

அஞ்சலை மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று பங்குனிக் கடைசியில் நர்ஸம்மா சொன்னார். இவ்வளவு சீக்கிரமாகவா என்று தலையில் அடித்துக்கொண்டார். போன தடவை வந்தது இந்தத் தடவையும் வரலாமாம், அடிக்கடி பிரஷர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். அன்றிலிருந்துதான் எனக்கு இந்த இருப்புக்கொள்ளாமை. ஐப்பசிக்குள் கட்டடம் முழுதாக எழும்பிவிடும் என்று நம்புகிற அளவுக்கு நான் முட்டாளில்லை. ஆனால் இடம் பஞ்சாயத்து பேருக்கு மாறிவிட்டால், அதுவரைக்கும் அங்கேயே ஓர் அறை தகரம் போட்டுக் கொடுக்கிறேன் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அது போதும், கார்த்திகையைத் தாண்டிவிடலாம்.

போன செவ்வாய்க்கிழமை நான் உத்திரமேரூர் போகப் பஸ்ஸுக்கு நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. உன் செங்கல் அடுக்கின்மேல் வேப்பமரத்து நிழல் விழுந்திருந்தது, போய் உட்கார்ந்தேன். அஞ்சலை வந்தாள், ஸ்கேன் எடுக்க அவளும் அதே பஸ்ஸுக்கு. "பஸ்ஸு போயிட்ச்சாம்மா?" என்று கேட்டாள். "இன்னும் வரலடி" என்றேன். நம் கேட்டுக்குள் ஒரு நாளும் கால் வைக்காதவள், வந்து என் பக்கத்தில் அதே செங்கல்மேல் உட்கார்ந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காலை நீட்டிக்கொண்டாள். நான் அவள் பாதத்தைத்தான் பார்த்தேன், வீக்கம் இல்லை. "நர்ஸம்மா இங்க குந்துனா வருவியாடி?" என்று கேட்டேன். இது என்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்தாள். "இங்கதானம்மா தெனம் வந்து நிக்கறேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் இருப்பேன். லீவு சொல்லிவிட்டு வா. திட்ட வேண்டுமானால் நேரில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆதார் கார்டை மறக்காதே. செங்கலை மட்டும் இப்போது கொல்லை மனைக்கு ஏற்றச் சொல்லாதே, அந்தத் தகரம் போடுகிற வரைக்கும் அஞ்சலைக்கு உட்கார ஏதாவது வேண்டும்.

உன் அம்மா